சந்தன வாசனை வந்த ஒயின்

போன ஞாயிற்றுக்கிழமை ஒயின் குடிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள ஒரு வகுப்புக்குப் போனேன்.

சிரிக்காதீர்கள். குடிப்பதற்கு வகுப்பா என்று என் வீட்டிலும் கேட்டார்கள். "அப்ப இத்தனை நாளா தெரியாமதான் குடிச்சீங்களா?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. பதில் சொன்னால் வளரும் என்று தெரிந்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எனக்கும் ஒயினுக்கும் பெரிய பழக்கமில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் ரிச்சர்ட்ஸ் டவுன் நண்பர்கள் வீட்டுக்குப் போனால், கேக்கோடு சின்ன கிளாஸில் வீட்டிலேயே போட்ட திராட்சை ஒயின் தருவார்கள். இனிப்பாக, இருமல் மருந்துக்கு உறவுக்காரன் மாதிரி இருக்கும். அவ்வளவுதான் என் அனுபவம். மற்றபடி, இந்த ஊரில் 'ஒயின்ஸ்' என்று போர்டு போட்ட கடையில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

வகுப்புக்கு இழுத்துப் போனவன் முரளி. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். ஈரோட்டுக்காரன், சாஃப்ட்வேர் வேலை. ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றான்.

"சார், அடுத்த மாசம் கலிபோர்னியா போறனுங்க. அங்க கிளையன்ட் டின்னருக்குக் கூப்புடுவாங்களாம். ஒயின் பேரெல்லாம் போட்ட அட்டையக் கையில குடுத்துட்டு நம்ம மூஞ்சியவே பாப்பாங்களாமாங்க. போன தடவ போனவன் மேங்கோ ஜூஸ் இருக்குதான்னு கேட்டுட்டான். இன்னும் ஆபீஸ்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒரு ஓட்டல்ல ஒயின் டேஸ்டிங் வெக்கறாங்க. மூணு பாஸ் இருக்குதுங்க. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்குது, வாங்க சார்."

மூன்று பாஸ் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தவர் ஜெரோம். ஜெரோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. ஏன் மாற்றினேன் என்பது போகப் போகப் புரியும்.

ஜெரோமுக்கு ஒரு ஊதுபத்தி கம்பெனியில் வேலை. வாசனை கலப்பவர். குச்சியில் மாவை உருட்டுகிறவர்கள் வேறு, பாக்கெட்டில் போடுகிறவர்கள் வேறு. எந்த எண்ணெயில் எதை எத்தனை சொட்டு சேர்த்தால் மல்லிகை வரும், எதைச் சேர்த்தால் சந்தனம் வரும் என்று முடிவு செய்வது இவர் மூக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சில் சாம்பிராணிப் புகை. மற்ற ஆறு நாளும் நம் சாமிகளுக்குத்தான் வாசனை பிடிக்கிறார். உங்கள் வீட்டுப் பூஜை அறையில் காலையில் ஏற்றினீர்களே... அது இவர் கைவண்ணமாக இருந்தாலும் இருக்கும்.

இப்பேர்ப்பட்ட மூக்கை நண்பராக வைத்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமில்லை. எங்கள் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே, "நேத்து கருவாடா மேன்?" என்பார். என் மனைவிக்கு மானம் போகும். அவர் வீட்டிலோ இது கொஞ்சலாக நடக்கும். மாலையில் கேட்டைத் திறக்கும்போதே, "ஸ்டெல்லா, இன்னிக்கு மல்லியா, ஜாதியா?" என்று குரல் கொடுப்பார். ஸ்டெல்லா அவர் மனைவி. உள்ளே அடுப்படியில் நிற்பவர், தலையில் என்ன பூ வைத்திருக்கிறாரோ அதைச் சரியாகச் சொல்லிவிடுவார் மனிதர். கல்யாணமான நாளிலிருந்து இந்த விளையாட்டு உண்டு.

இந்த வருடம் ஜனவரியில் காக்ஸ் டவுன் பக்கம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. பேச்சும் கொஞ்சம் குறைந்துவிட்டது. விழுந்த பயம் இன்னும் போகவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஒயின் வகுப்பு என்றதும் ஜெரோம் பிடி கொடுக்கவில்லை. "எனக்கு வேணாம் மேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றார். ஸ்டெல்லாதான் விடாப்பிடியாக நின்றார்.

"போய்ட்டு வாங்களேன். மோந்து மோந்து பாக்கற வேலைதானே? உங்களுக்கு அதைவிட என்னா வேணும்?"

ஜெரோம் அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டை மாற்றிக்கொள்ள உள்ளே போனார்.

ஓட்டல் ஹாலில் வட்ட மேஜைகள். வெள்ளை விரிப்பு. ஒவ்வொருவர் முன்னாலும் வரிசையாக நீளக் கால் வைத்த கிளாஸ்கள். நடுவில் ஒரு எவர்சில்வர் பாத்திரம். அது எதற்கு என்று முரளியைக் கேட்டேன். வாயில் ஊற்றிய ஒயினை அதில் துப்பவேண்டுமாம்! நல்ல சரக்கை வாயில் விட்டுத் துப்பச் சொல்கிற ஊர் எங்கே உருப்படும்? அன்று அந்தப் பாத்திரத்தைத் தொட்டவர்கள் ரொம்பக் குறைவு என்று சந்தோஷத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வகுப்பு எடுத்தவர் பம்பாயிலிருந்து வந்திருந்தார். கோட்டு, டை, பளபளவென்று தலை. ஒயினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தன் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுகிற அப்பா மாதிரி உருகினார். கிளாஸைக் காம்பில் பிடியுங்கள், வயிற்றில் பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும். வெளிச்சத்தில் தூக்கி நிறத்தைப் பாருங்கள். மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு மூக்கை உள்ளே விடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

"நாக்கு செய்வது கொஞ்சம்தான்" என்றார் இங்கிலீஷில். "மிச்சமெல்லாம் மூக்கு. மூக்கு இல்லையென்றால் இது வெறும் புளித்த தண்ணீர்."

ஜெரோம் மேஜை விரிப்பில் இருந்த ஒரு மடிப்பைக் கையால் நீவிக்கொண்டிருந்தார்.

முதலில் வெள்ளை ஒயின். எல்லோரும் சுற்றினார்கள். எல்லோரும் மூக்கை விட்டார்கள். நான்கைந்து விநாடி பரீட்சை ஹால் மாதிரி அமைதி. அப்புறம் ஒரு பெண்மணி, "கிரீன் ஆப்பிள்" என்றார். "வெரி குட்!" என்றார் பம்பாய்க்காரர். அவ்வளவுதான்... ஹாலில் ஒரு பழக்கடையே திறந்துவிட்டது. எலுமிச்சை என்றார் ஒருவர். அன்னாசி என்றார் இன்னொருவர். மழை பெய்த கருங்கல் என்று ஒருவர் சொன்னார். கருங்கல்லை இவர் எப்போது போய் முகர்ந்தார்?

எனக்கு என்ன தெரிந்தது? பழைய திராட்சை ஜூஸ். வெளியில் சொல்வேனா? "ஆப்பிள்தான்" என்று தலையாட்டினேன். முரளியும் தலையாட்டினான். தலையாட்டிக்கொண்டே என் காதில், "சார், உங்களுக்கு நெசமாவே ஆப்பிள் வருதுங்களா?" என்றான். "வருது" என்றேன். பெரியவன் என்றால் சும்மாவா?

ஜெரோம் கிளாஸை மூக்கருகில் வைத்துக்கொண்டு, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் நடிப்பை ரசிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கடைசியாக வந்தது வெளிநாட்டுச் சிவப்பு ஒயின். அது எத்தனை அரிய சரக்கு, எந்த மலைச்சரிவில் விளைந்த திராட்சை, எத்தனை காலம் மரப்பீப்பாயில் தூங்கியது என்றெல்லாம் பம்பாய்க்காரர் நெடுநேரம் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரே பெரிய பாட்டிலிலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஊற்றிவிட்டார்கள். அவர் இன்னும் தன் கிளாஸைத் தொடவில்லை.

நான் மூக்கை விட்டேன்.

ஈரச்சாக்கு. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் திறக்காத பீரோவுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு முடை. குமட்டியது. சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொர்க்கத்தில் இருந்தார்கள். கிரீன் ஆப்பிள் அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். உயர்ந்த சரக்கு என்றால் இப்படித்தான் இருக்குமோ, நமக்குத்தான் பட்டிக்காட்டு மூக்கோ என்று நானும் கண்ணை மூடிப் பரவசப்பட்டேன்.

அப்போது முரளி ஒரு காரியம் செய்தான். நல்லெண்ணத்தில்தான். எழுந்து நின்று, "எங்க டேபிள்ல ஒரு புரொஃபஷனல் இருக்கார், ஊதுபத்தி கம்பெனியில வாசனை எக்ஸ்பர்ட்" என்று இங்கிலீஷில் அறிவித்துவிட்டான்.

ஹால் முழுக்கத் திரும்பியது. பம்பாய்க்காரர் கைகளை விரித்து, "சார், ப்ளீஸ்!" என்றார்.

ஜெரோம் மெதுவாக எழுந்தார். கிளாஸைச் சுற்றினார். அந்தச் சுற்றிலேயே கைப்பழக்கம் தெரிந்தது, எங்களைப்போல் மேஜையில் சிந்தவில்லை. மூக்கருகில் கொண்டுபோனார். கண்ணை மூடவில்லை. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். அம்மாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பரவசத்தில் இருந்தேன்.

"சந்தனம்" என்றார். "பழைய சந்தனம். அடியில் கொஞ்சம் ரோஜா. முதல் மழை விழுந்த மண்."

கைதட்டல்! "எஸ், சாண்டல்!" என்று நாலு மேஜையிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் மறுபடி மூக்கை விட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அந்த ஈரச்சாக்குக்குள் எங்கேயோ சந்தனக்கட்டை இருப்பதுபோல ஒரு விநாடி தோன்றியது.

பம்பாய்க்காரர் சிரித்துக்கொண்டே தன் கிளாஸை எடுத்தார். முகர்ந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு தடவை முகர்ந்தார். பாட்டிலை வாங்கி அதன் வாயையும் முகர்ந்தார். பிறகு மிகவும் சங்கடத்தோடு, கார்க் கெட்டுப்போனதால் இந்த ஒயினும் கெட்டுவிட்டது, யாரும் குடிக்கவேண்டாம், வேறு பாட்டில் திறக்கிறோம், மன்னிக்கவேண்டும் என்றார்.

எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். அப்புறம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞானம் வந்துவிட்டது. "எனக்கு அப்பவே ஒரு டவுட்" என்றார் ஒருவர். "நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் அம்மாள். சிரிப்பும் கும்மாளமுமாகப் புதுப் பாட்டில் வந்தது. முரளி ஜெரோம் தோளைத் தட்டி, "அங்கிள், கெட்டுப்போனதயே சந்தனம்னு வித்துட்டீங்களே, எங்க சேல்ஸ் டீமுக்கு வந்துருங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜெரோம் முகத்தில் ரத்தமே இல்லை.

முரளி ஆபீஸ் நண்பர்களோடு சாப்பிடப் போய்விட்டான். நாங்கள் இருவரும் ஆட்டோ பிடித்தோம். இருட்ட ஆரம்பித்திருந்தது. ரிச்சர்ட்ஸ் பார்க் வந்ததும், "இல்லே நில்சப்பா" என்று, இங்கேயே நிறுத்தச் சொல்லிக் கன்னடத்தில் குரல் கொடுத்து, ஜெரோம் ஆட்டோவை நிறுத்தினார். வீடு இன்னும் இரண்டு தெரு தள்ளி. வாய் நாற்றம் கொஞ்சம் போகட்டும் என்று நிறுத்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, பையிலிருந்த சோம்பை எடுத்து நீட்டினேன். பார்க் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன்யா ஜெரோம், அத்தனை நாத்தத்தை எப்படிய்யா சந்தனம்னு சொன்னே? இன்னிக்கு என் மூக்கு உன் மூக்கை ஜெயிச்சிடுச்சு பாரு" என்றேன்.

"நாத்தமா அடிச்சது?"

"ஈரச்சாக்கு மாதிரி."

அவர் கையிலிருந்த சோம்பை விரல்களுக்குள் நசுக்கினார். மூக்கில் வைத்துப் பார்த்தார். கையை உதறிவிட்டார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது ரைட்டர்" என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "ஸ்கூட்டர்ல விழுந்தேன் பாரு, அன்னிக்குப் போச்சு. சந்தனமும் இல்ல, சாக்கடையும் இல்ல. டாக்டர்கிட்ட தனியாப் போனேன். மண்டையில அடிபட்டப்ப மூக்கு நரம்பு அறுந்துபோச்சாம். ஒரு வருஷம் பாக்கலாம்னாரு. அதுக்குள்ள வந்தா வந்தது. இல்லேன்னா மறந்துடுங்கன்னுட்டாரு."

நான் என் மூக்கின் வெற்றியைப் பற்றி அப்போதுதான் பேசி முடித்திருந்தேன். வாயில் சோம்பு மண்ணாக இருந்தது.

"அப்ப வேலை?"

"பழைய கலவை எல்லாம் மண்டையில இருக்கு மேன். கண்ணை மூடிக்கினு ஊத்துவேன். புதுசா எண்ணெய் வந்தா, சும்னே பேருக்கு மூக்குல வெச்சிக்குவேன். பக்கத்துல நிக்கறவங்க மூஞ்சியப் பாப்பேன். நல்ல வாசனைன்னா மூஞ்சி ஒரு மாதிரி தளரும். மட்டமான சரக்குன்னா மூக்குப் பக்கம் ஒரு சுருக்கம் வரும். மனுசன் மறைக்கவே முடியாது. அத வெச்சித்தான் ஓட்டிக்கினு இருக்கேன்."

விரல்களைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஹால்ல அத்தனை மூஞ்சியும் பாத்தேன். ஒருத்தர் மூக்குகூடச் சுருங்கல. எல்லாரும் அப்படியே உருகிக்கினு இருந்தீங்க. சரி, ரொம்ப ஒசந்த சரக்கு போல இருக்குன்னு சந்தனம்னுட்டேன். நீயும்தானே மேன் கண்ண மூடிக்கினு இருந்தே?"

ஆமாம். நானும்தான் இருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். பொய் சொல்லத் தெரியாத ஏழெட்டுப் பேர் முகத்தை நம்பி ஒரு மனிதர் மாதக்கணக்கில் பிழைத்திருக்கிறார். குடும்பம் நடத்தியிருக்கிறார். படித்தவர்கள் நிறைந்த ஒரு ஹாலில், ஒரு கிளாஸ் ஒயினில் விழுந்துவிட்டார். நல்ல மூக்கு வைத்திருந்த நாங்கள் அத்தனை பேரும் அன்று அதை உபயோகிக்கவில்லை. உபயோகிக்க மூக்கே இல்லாதவரிடம் போய்க் கேட்டோம். ஒயின் என்று இல்லை... பாட்டுக் கச்சேரி, பெரிய ஓட்டல் சாப்பாடு, புதுப்படம் எல்லாவற்றிலும் நாம் செய்வது இதுதானே? முதலில் பக்கத்து ஆள் முகம். அதற்குப் பிறகுதான் நம் நாக்கு.

"முதலாளிகிட்ட சொல்லிடேன்" என்றேன்.

"தசராவுக்குப் புது பத்தி ஒண்ணு வேணும்னு சொல்லிக்கினு இருக்காரு. நான் தலையாட்டினா லாரி லாரியா வெளிய போகும். அதுக்குள்ள வந்துடும்னு பாக்கறேன். சொல்லிட்டா அத்தோட முடிஞ்சது. மூக்கு இல்லாதவனுக்கு அங்க என்னா வேலை மேன்?"

"ஸ்டெல்லாவுக்கு?"

அவர் குரல் முதல் தடவையாக உடைந்தது அங்கேதான்.

"தெரியாது. தெரியவும் கூடாது. தினமும் சாயங்காலம் எனக்காகத்தான் தல சீவி பூ வெச்சிக்கினு நிக்குது. நான் கேட்டைத் தொறக்கும்போது சொல்லலேன்னா மூஞ்சி வாடிடும். அதனால, வெள்ளையா தெரிஞ்சா மல்லின்னுடுவேன். இதுவரைக்கும் ஒரு நாள் தப்பல. சத்தியம் பண்ணு, நீ வாயத் தொறக்கக் கூடாது."

சத்தியம் செய்தேன். வேறென்ன செய்ய?

வீட்டு கேட்டைத் திறந்தபோது ஸ்டெல்லா வாசல் விளக்கின் கீழ் நின்றிருந்தார். தலையில் வெள்ளை வெளேரென்று பூச்சரம்.

"மல்லி தூக்குது ஸ்டெல்லா" என்றார் ஜெரோம். குரலில் பழைய உற்சாகம் அப்படியே இருந்தது.

"வகுப்பு எப்படி இருந்துச்சு?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவ உள்ளே போனார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். "நெஜமா சொல்லுங்க பிரதர். அங்க ஏதாச்சும் கண்டுபிடிச்சாரா? ஏதாச்சும் வாசனை தெரிஞ்சுதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயைத் திறக்கவில்லை. அவருக்கு என் முகமே போதுமாயிருந்தது.

"தெரியலதானே..." என்றார். தலையிலிருந்த பூவைக் காதோரம் இழுத்து என் பக்கம் காட்டினார். "மோந்து பாருங்க."

கொஞ்சம் குனிந்தேன். ஒன்றும் வரவில்லை.

"காக்கடா" என்றார். பார்க்க மல்லிகை மாதிரியே இருக்கும் பூ. வாசனைதான் கிடையாது. மல்லி கிடைக்காத நாளில் பூக்காரர்கள் இதைக் கட்டி வைத்திருப்பார்கள்.

"ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னிக்கு நல்ல பனி. சிவாஜிநகர் பூரா தேடியும் மல்லி கெடைக்கல. சரி, வீட்டுக்கு வர்ற மனுசன் முன்னால வெறுந்தலையோட நிக்க வேணாம்னு காக்கடா வெச்சிக்கினேன். உள்ள வந்து உக்காந்தாரு. மல்லி தூக்குதுன்னாரு. கிண்டல் பண்றாருன்னுதான் சிரிச்சேன். மூஞ்சியப் பாத்தா... கிண்டல் இல்ல பிரதர்."

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா?"

"எப்படிக் கேக்கறது? அந்த மூக்குதானே அவருக்கு எல்லாம். தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போய்டுவாரு."

உள்ளே குழாய் நின்றது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப மல்லி குமிஞ்சு கெடக்குது. பூக்காரம்மா, மல்லி எடுத்துக்கோ மல்லி எடுத்துக்கோன்னு திட்டறா. நான் காக்கடாதான் வாங்கறேன். என்னிக்காச்சும் ஒரு நாள் கேட்டைத் தொறக்கும்போதே கத்துவாரு பாருங்க, 'என்னா பூ இது, வாசனையே இல்ல'ன்னு. அந்தத் திட்டு வாங்கறதுக்காகத்தான் வெச்சிக்கினு நிக்கறேன். அதுக்குத்தான் உங்களோட இன்னிக்கு அனுப்பினேன். ஒயின் வாசனையாச்சும் உள்ள போகுதான்னு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க பிரதர்."

மறுபடி ஒரு சத்தியம். ஒரே மாலையில், ஒரே வீட்டுக்கு, இரண்டு.

டாக்டர் ஒரு வருடம் கெடு வைத்திருப்பது ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. காக்கடா பற்றி ஜெரோமுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆசாமி நான். தசரா நெருங்குகிறது, ஜனவரியோடு அந்தக் கெடுவும் முடிந்துவிடும். எனக்கு இந்த வாரம் சரியாகத் தூக்கமில்லை. துணி மூட்டையை, டிகிரி காபியை, நனைந்த துண்டை, முரளியின் ஷூவைக்கூட ஒரு பைத்தியக்காரன் மாதிரி முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் வருகிறது. வருகிறதே என்று சந்தோஷப்படவும் கூச்சமாக இருக்கிறது.

அப்படியானால் இதை ஏன் ஊருக்கே கேட்கிற மாதிரி எழுதுகிறாய் என்பீர்கள். அவர்கள் இருவரும் கான்வென்ட்டில் படித்தவர்கள். தமிழில் பேசுவார்கள், ஜெபிப்பார்கள், சண்டை போடுவார்கள். படிக்கத் தெரியாது. என் பத்தி வெளிவரும் பத்திரிகையை ஜெரோம் வாங்கி, போட்டோவில் நான் வயதானவனாகத் தெரிகிறேனா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பார். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. உங்களை விட்டால் எனக்கு யார்? நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.

ஒயின் பற்றி எதுவுமே சொல்லவில்லையே என்று முரளி மாதிரி யாராவது கேட்டால்... காம்பில் பிடியுங்கள், மெதுவாகச் சுற்றுங்கள், மூக்கை உள்ளே விடுங்கள். நாற்றமடித்தால் நாற்றமடிக்கிறது என்று முகத்தைச் சுளியுங்கள். அந்தச் சுளிப்பை நம்பி அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, நமக்கென்ன தெரியும்?

நேற்று மாலை ஜெரோம் வீட்டுத் தெரு வழியாக நடந்து வந்தேன். கேட்டருகில் ஸ்டெல்லா நின்றிருந்தார், தலை நிறைய வெள்ளைப் பூவோடு. நான் எதிர்ச்சாரியில் கொஞ்சம் நின்றேன். நல்ல காற்று. அவர் பக்கமிருந்து என் பக்கமாகத்தான் வீசியது.

ஒரு வாசனையும் வரவில்லை.